அக்கா, அந்த டிரையரை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் லாட்ஜில் துணி காயவைக்கும் டிரையர் நடுவில் நின்று, திரையில் எர்ரர் எழுத்து வருகிறதென்று நீங்கள் அனுப்பிய படம் வந்தது. போனில் "டி, ஈ-ன்னு வருது தம்பி" என்றீர்கள், அப்போது எனக்குப் பிடிபடவில்லை. கதவு சரியாக மூடாவிட்டாலும் சில மெஷின்களில் காதுக்கு இதே எழுத்துகள்தான். படத்தில் பார்த்தால் முதல் எழுத்தின் நெட்டுக்குச்சி இடப்பக்கம் நிற்கிறது, அதாவது ஆங்கில t. கதவு எர்ரராக இருந்தால் அது d, குச்சி வலப்பக்கம் இருக்கும். ஆக, இது சூட்டை அளக்கும் சென்சார் சம்பந்தப்பட்டது. கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும், அதனால் மெஷினோடு வந்த கையேட்டில் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். எல்லாரும் படிக்கும்படி எழுதக் காரணம், ஒகேனக்கல்லில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து டிரையரில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பையன் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றுவிடுகிறது என்றீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தது சரிதான். கரண்ட் ஏறி இறங்கியதில் சும்மா வந்த எர்ரராக இருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் ஆறியிருக்கும்போது ஓடி, சூடேறியதும் நிற்கிறது என்றால் உள்ளே உண்மையான காரணம் இருக்கிறது. சூட்டுக்குச் சென்சாரின் இணைப்பு விட்டுப்போகலாம், அல்லது உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகலாம். இரண்டாவதுதான் எனக்குப் பயம். தயவுசெய்து, நான் சொல்வதைப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பிளக்கைப் பிடுங்கியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது பின்னால் குழாய் வைத்த மாடல். அறையின் காற்றை இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, துணி சுற்றும் டிரம் வழியாக விட்டு, ஈரத்தோடு வெளியே தள்ளுகிறது. வெளியே போகிற வழி அடைத்தால் சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கும். எல்.ஜி.யின் சில டிரையர்களில் d80, d90, d95 என்று எண்ணோடு வரும், குழாய் அத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்று பொருள். உங்கள் மெஷினுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய இன்னொரு படத்தில், வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் கொசுவலை அடித்திருப்பதைப் பார்த்தேன். அணிலும் பல்லியும் வரக்கூடாதென்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த வலையின் கண்ணில்தான் முதல் பஞ்சு ஒட்டும், அதன்மேல் அடுத்தது ஒட்டும், கடைசியில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தகடே உருவாகிவிடும். ஈரக்காற்று பட்டு அது இறுகிப்போயிருக்கும், கையால் உரித்தால் மொத்தமாக வரும். அந்த வலையை எடுத்துவிடுங்கள். காற்று தள்ளும்போது திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ளும் மூடி கடையில் கிடைக்கும், அதை மாட்டுங்கள். குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பான குழாயாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு இருக்கும். மெஷினைச் சுவரோடு நெருக்கித் தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், துணியிலிருந்து வரும் பஞ்சைப் பிடிக்கும் பில்டர். பஞ்சைத் தட்டி எடுக்கிறோம் என்றீர்கள், அது மட்டும் போதாது. பில்டரைக் குழாயடியில் பிடித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உடனே இறங்க வேண்டும். வலைமேல் தேங்கி நின்றால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்படலம் அடைத்திருக்கிறது. சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள்.

இப்போது எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

உங்களிடம் வருகிறவர்கள் ஆற்றங்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் குளித்துவிட்டு, மிச்ச எண்ணெயை உங்கள் டவலில்தான் துடைக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசினால் அந்த எண்ணெய் போகாது, நூலுக்குள் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட டவலை டிரையரில் சூடாக்கி, சூடு ஆறாமல் கூடையில் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடாக ஆரம்பிக்கும். குவியலின் நடுவில் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற அந்த வேலையும் வேகமாக நடக்கும். யாரும் தீ வைக்காமல், மெஷின் அணைத்துப் பல மணி நேரம் கழித்து, ராத்திரி எல்லாரும் தூங்கும்போது அந்தக் கூடை புகைந்து பற்றிக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் இதில் மிக மோசம். தேங்காய் எண்ணெயிலும் விளக்கெண்ணெயிலும் ஆபத்து குறைவு. நல்லெண்ணெய் இடைப்பட்டது. ஆனால் டவலில் இருப்பது என்ன எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? டிரையர் கையேடுகளில் பாதுகாப்புப் பகுதியிலேயே எண்ணெய்த் துணியைப் பற்றி எச்சரிக்கை இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே மசாஜ் டவலைத் தனியாக ஒரு பக்கெட்டில் போடச் சொல்லுங்கள். சோப்புத்தூள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வெந்நீரில் துவைக்கட்டும். துவைத்தபிறகும் எண்ணெய் வாடை அடித்தால் அது டிரையருக்கு வேண்டாம், மொட்டைமாடிக் கொடியில் போடுங்கள். முடிந்தால் மசாஜுக்கென்று தனி டவலே வைத்து, அவற்றை வெயிலில் மட்டும் காயப்போடுங்கள். டிரையரில் கடைசிச் சில நிமிடம் சூடில்லாமல் சுற்றுவது துணியை ஆறவைக்கத்தான், அவசரத்தில் பாதியில் நிறுத்தக் கூடாது. நடுவில் கரண்ட் போய்விட்டால் துணியை உடனே வெளியே எடுத்து விரித்துப் போட வேண்டும். இதைப் பையனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் கை ஓயாமல் வேலை நடக்கும்போதுதான் இதெல்லாம் மறந்துபோகும்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகத்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வோல்டேஜ் 230 இல்லாமல் 180-க்கு இறங்கினால் ஹீட்டருக்கு அதன் சக்தியில் 60 சதவீதம்தான் கிடைக்கும். துணி காய நேரமாவது அதனால் இருக்கலாம், இந்த எர்ரருக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. உங்கள் பக்கம் பாறை நிலம், எர்த் சரியாக இறங்கியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் அதே எழுத்து வந்தால் சென்சாரைப் பார்க்கலாம். அதை நீங்கள் திறக்க வேண்டாம். பென்னாகரத்திலிருந்து யாராவது வந்தால் அவருக்குச் சொல்லுங்கள்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் எலி கடித்த வயரும் துருப்பிடித்த கனெக்டரும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைக்கட்டும். பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் அளவு காட்டும், உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எண் இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ சென்சாரை மாற்றியாக வேண்டும்.

உள்ளே இன்னொரு சின்னப் பாகம் இருக்கிறது, தெர்மல் ஃப்யூஸ். சூடு எல்லை மீறினால் ஒரே தடவை அறுந்து மெஷினை நிறுத்திவிடும். "புதுசு கிடைக்காதுக்கா, டைரக்ட் பண்ணி விட்டுர்றேன்" என்று இரண்டு வயரையும் முறுக்கி இணைத்து ஓடவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். மெஷினும் ஓடும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். அதற்கப்புறம் அந்த மெஷினில் சூட்டை நிறுத்தக் கடைசியாக இருந்த ஒன்றும் இல்லை. மேலே அறைகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் தூங்குகின்றன அக்கா. யார் அப்படிச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். சென்சாரும் ஃப்யூஸும் தர்மபுரியில் கிடைக்கிறதா என்று விசாரித்து வைக்கிறேன், இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து வரவழைக்கலாம். வலையை எடுத்து, குழாயையும் பில்டரையும் சுத்தம் செய்தபின், துணி போடாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே குழாய் வாயில் கை வைத்துப் பாருங்கள். காற்று வேகமாக வருகிறதா என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தம்பி, தர்மபுரி