டெல்லிக்குக் குழந்தைகளுடன் வருபவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். குளிர்கால விடுமுறைக்கு டெல்லி வருகிறவர்கள் உயிரியல் பூங்காவை விட்டுவிடாதீர்கள். புரானா கிலா கோட்டையை ஒட்டியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மறக்க வேண்டாம். கூண்டுகளுக்குப் போகும் முன் குளத்து மரங்களைப் பாருங்கள் என்பேன். மழைக்காலம் முடியும்போது மஞ்சள் மூக்கு நாரைகள் தாமாகவே பறந்துவந்து அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. யாரும் அடைத்து வைக்காத பறவைகள்! பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள்.

அப்புறம் லோதி தோட்டம். 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறை மண்டபங்களுக்கு நடுவே பரந்த புல்வெளி, கட்டணம் இல்லை. ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள சுந்தர் நர்சரிக்கு நுழைவுச்சீட்டு உண்டு. கன்னாட் பிளேஸ் நடுப் பூங்காவுக்கு ராஜீவ் சவுக் மெட்ரோவில் இறங்கினால் போதும். காலையில் புகைமூட்டம் அதிகமென்றால் 11 மணிக்கு மேல் கிளம்புங்கள்.