எங்கள் அளவீட்டுத் தாளைப் பாருங்கள்: உளவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதுகலை உளவியல் செய்முறைத் தேர்வுகள் எப்படி நடக்கின்றன, ரெக்கார்டு நோட்டுகள் எப்படி நிரம்புகின்றன என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்களில் பலரும் இதே ஆய்வுக்கூடங்களில் படித்து வந்தவர்கள்தாம். ஆகவே நேரே கோரிக்கைக்கு வருகிறேன். சோதனையின் முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதற்காக ஒரு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. முறையாக எடுத்த மூல அளவீட்டுத் தாளுக்கே மதிப்பெண் தர வேண்டும்.

ஒரு கோட்டின் முனைகளில் அம்புக்குறியும் இன்னொன்றின் முனைகளில் வெளிநோக்கி விரியும் சிறகுக்குறியும் இருந்தால், சம நீளக் கோடுகளும் சமமில்லாததுபோல் தோன்றும். இரண்டும் சமமாகத் தெரியும்வரை ஒரு பகுதியை நகர்த்தச் சொல்லி அந்த மாயத்தோற்றத்தை அளக்கும் முல்லர்-லயர் பலகை எங்கள் துறையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் உப்பி, நகரும் பகுதி பாதியில் சிக்கிக்கொள்ளும். சோதனைக்கு உட்படுபவர் விடை அறியாதவராக இருக்க வேண்டும் என்று ஆய்வு முறையியல் தாளில் காலையில் படித்துவிட்டு, எல்லாம் அறிந்த வகுப்புத் தோழியையே பிற்பகலில் பலகையின் முன் உட்கார வைப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. எனவே அனுமதி பெற்று, பொங்கல் விடுமுறையில் அந்தப் பலகையை ஊருக்கு எடுத்துச் சென்று, என் பாட்டியின் சம்மதத்துடன் அவரைச் சோதித்தேன். ஆயுள் முழுவதும் தென்னங்கீற்று முடைந்தவர் அவர். திண்ணையில் உட்கார வைத்து, பலகையைக் கண்மட்டத்தில் பிடித்து, இடமிருந்தும் வலமிருந்தும் மாற்றி மாற்றி நாற்பது முறை அளந்தேன். சிறகுமுனைக் கோடு நீளமாகத் தோன்றும், ஆகவே பார்ப்பவர் அதைக் குட்டையாக நிறுத்திவிடுவார் என்பது பாடம். பாட்டியின் சராசரிப் பிழை 4 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும், அளவீடு தவறு, சீனியரின் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டு வா என்றார்கள் ஆசிரியர்கள். மறுத்தபோது அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தது. நோட்டில் கையெழுத்தும் கிடைக்கவில்லை. கையெழுத்து இல்லாதவருக்குத் தேர்வறையில் இடமில்லை என்பதால், கடைசியில் அந்தப் பக்கத்தை நானே கிழித்துவிட்டு, சராசரி 19 மில்லிமீட்டர் வரும்படி நாற்பது எண்களைப் புதிதாக எழுதினேன். பாட்டியிடம் அளந்து முடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பொய்யாக எழுத இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. தொலைபேசியில் விவரம் கேட்ட பாட்டி, "ரெண்டும் சமமா வந்ததும் நிறுத்தச் சொன்னே, நிறுத்தினேன். அதுல என்னடி தப்பு?" என்றார். ஆய்வு முறையியலில் முதல் வகுப்பு வாங்கிய என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

பாட்டியின் அளவீடு அப்படியொன்றும் நடக்க முடியாத அதிசயமும் அன்று. ஆங்கிலேய உளவியலாளரும் மானிடவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதே மாயத்தோற்றத்தைச் சோதித்தார். ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் இதில் குறைவாகவே ஏமாந்தனர் என்று 1905இல் வெளியிட்டார். பல நாட்டு மக்களை ஒப்பிட்டு சீகல் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1966இல் வெளியிட்ட ஒப்பாய்விலோ, அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரத்தார் பெரிதும் ஏமாந்திருக்க, தென்னாப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் சான் பழங்குடி மக்களிடம் இந்த மாயை ஏறக்குறைய எடுபடவே இல்லை. காரணம் என்ன என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. ரிவர்ஸ் எங்கள் கல்லூரியில் பயின்றிருந்தால், தோடர்களின் எண்களை அழித்துவிட்டுச் சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதும்படி அவருக்கும் அறிவுரை கிடைத்திருக்கும்.

எங்கள் துறை அலமாரியில் அடுக்கியிருக்கும் பழைய நோட்டுகளை நம்புவதானால், இத்தனை ஆண்டுகளில் இங்கே சோதிக்கப்பட்ட அனைவருக்கும் ஒரே கண், ஒரே நினைவாற்றல், ஒரே எதிர்வினை நேரம். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையில் ஒருவருக்குக்கூட ஆறாவது முயற்சியில் கை தடுமாறியதில்லை. இப்படியொரு மக்கள்தொகை உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆய்வுக்கூடக் கட்டணமாக ஆண்டுதோறும் நாங்கள் செலுத்தும் தொகை ஒருவேளை இதற்காகத்தானோ என்னவோ!

கேலியாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். ஆனால் கவலை கேலியன்று. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீடெரிக் ஸ்டாபெல் தரவுகளை இட்டுக்கட்டியது 2011இல் அம்பலமாகி, ஐம்பதுக்கும் மேற்பட்ட அவருடைய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதை எங்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பாடமாக வைத்திருப்பவர்கள் தாங்களே. வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் இருந்த புள்ளியியல் முக்கியத்துவம், அதாவது முடிவைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத நிலை, மறு ஆய்வுகளில் 36 சதவீதத்தில்தான் கிடைத்தது என்ற 2015ஆம் ஆண்டு அறிக்கையும் அதே தாளில் இருக்கிறது. அதைப் பத்து மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்துகொண்டே நாங்கள் ரெக்கார்டு நோட்டில் எண்களை ஜோடிக்கிறோம்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதனை நடந்த அன்றே ஆசிரியர் கையெழுத்திட்ட மூல அளவீட்டுத் தாளை நோட்டில் கட்டாயமாக இணைக்கச் செய்யுங்கள். மதிப்பெண்ணின் பெரும்பகுதியை அதற்கும், முடிவு ஏன் அப்படி வந்தது என்ற விவாதத்துக்கும் ஒதுக்குங்கள். "கருதுகோள் நிராகரிக்கப்பட்டது" என்று எழுதும் மாணவரைத் தண்டிக்கக் கூடாது எனப் புறத்தேர்வாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இவற்றுக்குக் கூடுதல் நிதி எதுவும் தேவைப்படாது. இரண்டாவது பலகைக்கு மட்டும் கொஞ்சம் பணம் வேண்டியிருக்கும். அதை நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.

கிழித்த பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் அதைக் கொண்டுவந்து காட்டுகிறேன். பாட்டியும் வரச் சம்மதித்திருக்கிறார். பலகையைத் தாங்களே பிடித்து அளந்து பார்க்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி