கிளவுட் ஃபயர்வால் இனி தானாகவே தயாராகும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் உங்களுக்கு நிறுவித் தரும் பாலோ ஆல்டோ விஎம்-சீரீஸ் ஃபயர்வால்களை இனி ஒவ்வொன்றாகக் கையால் கான்ஃபிகர் செய்யப்போவதில்லை. எல்லாம் பூட்ஸ்ட்ராப் முறைதான். மெஷின் முதன்முறை பூட் ஆகும்போதே எஸ்3 பக்கெட்டை (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பிடம்) படித்து ஹோஸ்ட்நேம், லைசென்ஸ், பனோரமா (எல்லா ஃபயர்வால்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) இணைப்பு ஆகியவற்றை அமைத்துக்கொள்ளும். பக்கெட் உங்கள் அக்கவுண்ட்டில் இருப்பதால் சில விஷயங்களை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

பக்கெட்டில் கான்ஃபிக், கன்டென்ட், லைசென்ஸ், சாஃப்ட்வேர் என்று நான்கு ஃபோல்டர்கள் இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லையே என்று எதையும் அழித்துவிடாதீர்கள். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் பூட்ஸ்ட்ராப் தோற்றுவிடும். கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள இனிட்-சிஎஃப்ஜி டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு விவரம். சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. நோட்பேடில் திருத்திச் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி இரண்டு முறை வந்துவிடுவதுண்டு. எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவைப்பதால் அது கண்ணில் படாது. லைசென்ஸ் ஃபோல்டரில் லைசென்ஸ் குறியீடுகளைக் கொண்டிருக்கும் ஆத்கோட்ஸ் ஃபைலுக்கோ எக்ஸ்டென்ஷனே இருக்கக் கூடாது.

ஃபயர்வாலுக்கான ஏடபிள்யூஎஸ் அனுமதிகளைச் சொல்லும் ஐஏஎம் ரோலில் லிஸ்ட்பக்கெட் (பட்டியலைப் பார்க்க), கெட்ஆப்ஜெக்ட் (ஃபைலை எடுக்க) இரண்டும் தேவை. முதலாவதை பக்கெட்டின் ஏஆர்என்னுக்கும் (ஏடபிள்யூஎஸ்ஸில் அதன் தனி அடையாளப் பெயர்), இரண்டாவதை அதே ஏஆர்என்னோடு சாய்கோடும் நட்சத்திரக்குறியும் சேர்த்து உள்ளிருக்கும் ஃபைல்களுக்கும் தர வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் பக்கெட்டுக்கு மட்டும் கொடுத்தால் பட்டியல் தெரியும், ஃபைல் இறங்காது. நெட்வொர்க்கிலும் இப்படி ஒரு பாதிக்கிணறு உண்டு: இணையத்துக்கு நேரடி வழியில்லாத பிரைவேட் சப்நெட்டில் எஸ்3 எண்ட்பாயின்ட் (எஸ்3க்கு மட்டுமான உள்வழி) மட்டும் இருந்தால் பக்கெட்டைப் படித்துவிடும், ஆனால் லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகாது. மேனேஜ்மென்ட் போர்ட் இணையத்தை அடைய நாட் கேட்வே வழியும் வேண்டும்.

அதிகம் குழப்புவது வேறொன்று. பூட்ஸ்ட்ராப் முதல் பூட்டில் மட்டுமே நடக்கும். பிறகு பக்கெட்டில் எதை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வால் அதைத் திரும்பிப் பார்க்காது. ரீபூட் செய்தும் பயனில்லை. ஆனால் ஆட்டோ ஸ்கேலிங் (நெரிசலுக்கேற்ப மெஷின்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) புதிதாக எழுப்பும் மெஷின் அதே ஃபைலைத்தான் படிக்கும். புதிய ஃபயர்வால் பனோரமாவில் சேர்வதற்கான சாவியான விஎம் ஆத் கீயும் அந்த ஃபைலில்தான் இருக்கும். பனோரமாவில் உருவாக்கும் இந்தக் கீக்கு 1 முதல் 8760 மணி நேரம் வரைதான் ஆயுள் தர முடியும், அதாவது அதிகபட்சம் ஓராண்டு. அது காலாவதியானால் பழைய ஃபயர்வால்கள் நன்றாகவே ஓடும். அடுத்து வருவது மட்டும் பனோரமாவில் சேராது, பாலிசியும் வராது. நெரிசலான நேரத்தில்தான் புதிய மெஷின் எழும் என்பதால் சிக்கல் வெளிப்படுவதும் அப்போதுதான். ஆகவே இந்தக் கீயைக் காலாவதிக்கு முன்பே புதுப்பித்து, ஃபைலிலும் மாற்றிவிடுவோம்; அதற்கு எங்களுக்கு பக்கெட்டில் எழுதும் அனுமதி வேண்டும்.

முழு கான்ஃபிகரேஷனையும் எக்ஸ்எம்எல் ஃபைலாக பக்கெட்டில் வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், நாங்கள் வைப்பதில்லை. அதில் பழைய அட்மின் பாஸ்வேர்டின் ஹாஷும் (உருமாற்றிய வடிவம்) சேர்ந்து பயணிக்கும். ஃபயர்வாலின் இயங்குதளமான பான்-ஓஎஸ்ஸின் பதிப்பு மாறினால் தகராறு வேறு. அறிமுக விவரம் மட்டும் பக்கெட்டில், மற்றதெல்லாம் பனோரமாவில்: நெட்வொர்க், கருவி அமைப்புகள் டெம்ப்ளேட் ஸ்டாக்கில், பாலிசி டிவைஸ் குரூப்பில். அந்த ஸ்டாக்கின் பெயரைப் பனோரமாவில் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; பக்கெட் ஃபைலில் உள்ள பெயரோடு ஓர் எழுத்து பிசகினாலும் புதிய ஃபயர்வாலுக்கு அந்த ஸ்டாக் கிடைக்காது.

புதிய மெஷின் எழுந்ததும் சிஎல்ஐயில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ‘ஷோ சிஸ்டம் பூட்ஸ்ட்ராப் ஸ்டேட்டஸ்’ கட்டளை கொடுத்தால் எந்தக் கட்டம் தேறியது, எது தேறவில்லை என்று தெரியும். கோளாறு என்றால் அந்த வெளியீட்டை அப்படியே டிக்கெட்டில் ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பிரிவு