வசதிக் குறைவால் அமைந்த எளிமை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தனியாகப் பாடி வெளியிட்ட ‘நெப்ராஸ்கா’ இசைத்தொகுப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொகுப்பைக் கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சியளித்தது. ஆயினும், ‘ஸ்டுடியோ வசதி வாய்க்காமல் வீட்டிலேயே எளிமையாகப் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரு வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. நடந்தது அதற்கு நேர்மாறானது.

1980இல் வந்த அவருடைய ‘தி ரிவர்’ இசைத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்திருந்தது. எந்த ஸ்டுடியோவையும் எத்தனை மாதத்துக்கும் அமர்த்திக்கொள்ளும் நிலையில் இருந்த ஒருவர், 1982 ஜனவரித் தொடக்கத்தில், நியூஜெர்சி மாநிலம் கோல்ட்ஸ் நெக்கில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், நான்கு ஒலித்தடங்களை மட்டுமே கொண்ட ஒரு கேசட் பதிவுக்கருவியின் முன் கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக அமர்ந்தார். அப்போது அவர் நோக்கம் இசைத்தட்டு வெளியிடுவதன்று; தம் குழுவினருக்குப் பாடல்களைக் கற்றுக்கொடுக்க ஒரு மாதிரி வேண்டும், அவ்வளவே. பின்னர் நியூயார்க் ஸ்டுடியோவில் ஈ ஸ்டிரீட் என்ற அவருடைய இசைக்குழு முழுவதையும் வைத்து அப்பாடல்களை முறையாகப் பதிவு செய்தும் பார்த்தார்கள். வாசிப்பில் குறையில்லை, ஆனால் கேசட்டில் இருந்த தனிமை அதில் இல்லை. உறைகூட இல்லாமல் அவருடைய ஜீன்ஸ் பையில் திரிந்த அந்தக் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவான பிறகு, அதன் மெல்லிய ஒலியை இசைத்தட்டுக்கு மாற்றப் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. வசதியில்லாதவர் செய்யும் வேலையா இது?

எல்லாப் பாடலும் தனிக்குரலில்தான் ஒலிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் அவருக்கு இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து உலகெங்கும் முழங்கிய ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாடலும் அந்த நாள்களில் அதே அறையில் தனிக் கிட்டாருடன் பதிவானதுதான். குழுவின் முழக்கத்தைக் கேட்ட பாடலுக்கு அதைக் கொடுத்தார். கேட்காத பத்துப் பாடல்களை இருந்தபடியே விட்டார். ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே எடைபோட்ட இந்தத் தீர்ப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘ஹைவே பேட்ரோல்மேன்’ பாடலைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். காவலர் ஒருவர், மதுக்கடைத் தகராறில் ஒருவனைத் தாக்கிவிட்டுக் காரில் தப்பி ஓடும் தம் தம்பியைக் கனடா எல்லைக்குச் சில மைல் தொலைவு வரை துரத்திப் போகிறார். பிறகு வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, தம்பியின் காரின் பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை அந்த அண்ணன் நம் ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல் ஸ்பிரிங்ஸ்டீன் பாடுகிறார். அங்கே டிரம்ஸ் ஒலித்தால் அந்த அந்தரங்கம் போய்விடும். இப்பாடலையும், வேலையிழந்த ஆலைத் தொழிலாளி ஒருவன் கொலைகாரனாகும் ‘ஜானி 99’ஐயும் 1983இலேயே புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் தம் குரலில் பாடினார் என்பதைக் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.

இன்னொரு சிறு திருத்தம். தொகுப்பு முழுவதும் அக்கூஸ்டிக், அதாவது மின்கருவிகள் இல்லாத இசை, என்று கட்டுரை சொல்வதும் சரியன்று. ‘ஓபன் ஆல் நைட்’ பாடலில் எலெக்ட்ரிக் கிட்டாரும் ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ பாடலில் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் ஒலிக்கின்றன.

குழுவோடு செய்த அந்த 1982ஆம் ஆண்டுப் பதிவுகள் பல்லாண்டுக் காலம் வெளிவராமல் இருந்து, 2025இல் விரிவான பதிப்பாக வந்துவிட்டன. இத்தொகுப்பின் ‘அட்லாண்டிக் சிட்டி’ பாடலின் தனி வடிவம், குழு வடிவம் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்குமாறு தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி