அந்த எட்டாயிரம் ரூபாய் பற்றி

செங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் குட்டியும் சுகந்தானே? முந்தாநாளிலிருந்து சாரல் பிடித்துவிட்டது. அம்மா வற்றல் தட்டைத் தூக்கி உள்ளே வைப்பதும் வெளியே வைப்பதுமாக இருக்கிறாள்.

அந்த ஏஜென்ட் காசு கொடுத்துக் கேட்கிற லிங்க்கை உன் இணையதளத்தில் போடலாமா என்று போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். பேசினால் நான் பாதியில் சத்தம் போடுவேன், நீ பாதியில் "சரிப்பா" என்பாய். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஏஜென்ட் மெயிலை நாலைந்து தடவை வாசித்தேன். நம் பழைய கொல்லம் ரயில் பாதைக்கான உன் தளத்தில், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி நீ எழுதிய பக்கத்தின் நடுவே ஒரு வரியைச் சேர்த்து, அதில் ஒரு கடன் செயலிக்கு லிங்க் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது. "விளம்பரம்" என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. இதற்கு 8,000 ரூபாய். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி பற்றி அவர்களே எழுதித் தரும் கட்டுரையை உன் பெயரில் போட்டால் 15,000.

தொகை எனக்கு உறுத்தவில்லை. விளம்பரம் என்று போடக் கூடாது என்கிறார்களே, அதுதான் உறுத்தியது. காசு கொடுத்து போர்டு வைக்கிற கடைக்காரர், அது எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பார். போர்டு என்றே தெரியக் கூடாது என்று கேட்கிறவருக்கு வேண்டியது வேறு ஏதோ.

அது என்னவென்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். தென்காசியில் இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க்கை சிபாரிசாக எண்ணித்தான் எது மேலே வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்களாம். நல்ல பெயர் உள்ள இடத்திலிருந்து வரும் சிபாரிசுக்கு எடை கூட. அப்படியானால் அந்த ஏஜென்டுக்கு உன் வாசகர்கள்கூட முக்கியம் இல்லை. அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ரயில் நின்ற பிறகு நீ ஞாயிறு ஞாயிறாக பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் அலைந்து சேர்த்த பெயர் இருக்கிறதே, அதன் எடையை 8,000 ரூபாய்க்கு வாங்கப் பார்க்கிறார்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

நான் பிரானூர் மரமில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் ஒரு சுத்தியல் இருக்கும். சாதாரணச் சுத்தியல் இல்லை. அதன் முகத்தில் மில்லின் எழுத்து புடைத்து நிற்கும். வெட்டிய மரத் தடியின் வெட்டு முகத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தால் எழுத்து அப்படியே பதியும். பச்சைத் தடியாக இருந்தால் பதிந்த பள்ளத்தில் ஈரம் கசியும். அந்த முத்திரை வனத்துறையில் பதிவான முத்திரை. புளியரை செக்போஸ்ட்டில் முத்திரையையும், மரம் கொண்டுபோக வனத்துறை தரும் பாஸையும் ஒத்துப் பார்த்துத்தான் வண்டியை விடுவார்கள். எங்கள் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் டார்ச்சை அணைத்துவிட்டுப் "போ" என்பார்கள். அந்தப் பெயரை முதலாளி இருபது வருஷமாகச் சேர்த்திருந்தார்.

1987-ல், நீ அம்மா வயிற்றில் ஐந்து மாதம். முதலாளி ஊரில் இல்லாத ஒரு மத்தியானம் ஒரு வியாபாரி வந்தார். பதினொரு தேக்குத் தடி; பாஸ் அப்புறம் வரும், இப்போதைக்கு உங்கள் சுத்தியலை அடித்துக் கொடுங்கள் என்றார். 500 ரூபாயை மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரிச் செலவு கண்முன்னே நின்றது. அடித்துக் கொடுத்தேன். பதினொரு அடி. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றே வாரத்தில் பிடிபட்டது. முதலாளி அபராதம் கட்டினார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம், எங்கள் எழுத்து உள்ள வண்டி எது வந்தாலும் ஓரம் கட்டினார்கள். புனலூரிலிருந்து வந்த ரப்பர் தடி வண்டிகளையும் விடவில்லை. ரப்பர் தடியை வெட்டின சூட்டோடு அறுத்து மருந்தில் போடாவிட்டால் சில நாளில் நீலம் பூத்துவிடும். பாஸ் எல்லாம் சரியாக இருந்த மரம், மழையில் லாரியிலேயே நீலம் பூத்து நின்றதை நான் போய்ப் பார்த்தேன். பதினொரு தடிக்காக நான் செய்த தப்பு, நியாயமாக வந்த நூறு தடியைக் கெடுத்தது.

கூகுளும் இதைத்தான் செய்கிறது, பாப்பா. காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் கொடுத்த லிங்க் என்று தெரிந்தால், அந்த ஒரு பக்கத்தோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. தளம் முழுவதையும் கீழே தள்ளலாம். அந்தப் பாதையில் உள்ள கழுதுருட்டி, இடப்பாளையம் என்று தேடுகிறவர் கண்ணில் உன் பக்கம் படாமலே போகும். பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2011-ல் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கப் பெரிய கடை இந்த மாதிரி லிங்க்குகளால்தான் தேடலில் சரிந்தது. 2012-ல் கூகுள் தன்னுடைய குரோம் பிரவுசரின் பக்கத்தையே, விளம்பரத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள் காசு வாங்கி எழுதியதில் லிங்க் இருந்தது என்று 60 நாளுக்குக் கீழே இறக்கியது. சொந்த வீட்டுப் பிள்ளையையே வெளியே நிறுத்தியவர்கள் உன்னை விடுவார்களா? எல்லா லிங்க்கையும் எடுத்துவிட்டு, "இனி செய்ய மாட்டேன், மறுபடி பாருங்கள்" என்று மனுப் போடலாமாம். பழைய இடம் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அப்போது அந்த ஏஜென்ட் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பார்.

ரம்மி கட்டுரைக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தைத் தடுத்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம். உன் பெயர் போட்ட கட்டுரைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். அந்த மெயிலுக்கு ஒரு வரி பதில்கூடப் போடாதே.

கடன் செயலி விஷயமும் லேசானதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒன்றைச் சிபாரிசு செய்தால், காசு வாங்கியதைப் படிக்கிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. தவறான விளம்பரம் என்று தீர்ந்தால், சிபாரிசு செய்தவருக்கும் முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். சட்டத்தையும் விடு. நம் தெரு ஆட்டோக்காரத் தம்பி போன வருஷம் ஒரு செயலியில் 5,000 ரூபாய் வாங்கினான். அவன் போனில் இருந்த நம்பர் எல்லாவற்றுக்கும் அவனைத் திருடன் என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. அவன் பெண்சாதி அண்ணன்மார் முன்னால் தலை காட்ட முடியாமல் இருந்தாள். இந்தச் செயலியும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் அதைப் பற்றி எதுவுமே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி முத்திரை அடிப்பாய்?

உனக்கு அந்தத் தென்மலைக்காரரை ஞாபகம் இருக்கிறதா? கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளமும் தமிழுமாகக் கலந்து உனக்கு நீளமாக எழுதினாரே, குகைக்குள் இன்ஜின் புகை அடங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று. அவர் உன் பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறவர். நீ கொடுத்த லிங்க் என்றால் அவர் ஒன்றும் யோசிக்காமல் அமுக்குவார்.

இன்னொன்றும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். இன்றைக்கு ஒழுங்காகத் தெரிகிற முகவரியை நாளைக்கு வேறு யாராவது வாங்கி, சூதாட்டத்துக்கோ அதைவிடக் கேடான இடத்துக்கோ திருப்பிவிடலாம். லிங்க் உன் பக்கத்தில் அப்படியே இருக்கும், போய்ச் சேரும் இடம் மாறியிருக்கும். "நாங்களே போட்டுக்கொள்கிறோம், பாஸ்வேர்டு மட்டும் கொடுங்கள்" என்று கேட்கிறவர்களும் உண்டாம். யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும், கொடுக்காதே.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. குற்றால சீசனுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர் காசு கொடுத்தால் வாங்கிக்கொள். மேலே பெரிதாக "விளம்பரம்" என்று போடு. லிங்க்கில் இது காசு வாங்கிக் கொடுத்தது என்று கூகுளுக்குத் தெரிவிக்க "ஸ்பான்சர்ட்" என்ற குறி இருக்கிறது, 2019-ல் கொண்டுவந்தார்கள். அதைப் போட்டுவிட்டால் உன் எடை அந்த லிங்க் வழியாகப் போகாது. அதைப் போட்டும் காசு கொடுக்கிறவர் நேர்மையான ஆள். வந்த பணத்தை மாப்பிள்ளையின் ஆடிட்டரிடம் சொல்லி வருமானக் கணக்கில் காட்டிவிடு.

பக்கத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸும் வைக்கலாம், 2018-லிருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் தருகிறார்கள். 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் பின் நம்பர் அனுப்புவார்களாம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். நம் தளத்துக்கு அது சேர வருஷக்கணக்காகும், அதையும் தெரிந்துகொண்டு செய். இதைக் கேட்டதும், தினமும் நானும் அம்மாவும் அந்த விளம்பரத்தை அமுக்கினால் சீக்கிரம் சேருமே என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண் பதறிவிட்டாள். சொந்தக்காரர்கள் அமுக்கினால் கணக்கையே மூடிவிடுவார்களாம். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பெருமையாக லிங்க் அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

வருஷத்துக்கு 6,000 ரூபாய் சர்வர் செலவு ஆகிறது, குட்டி ஸ்கூல் ஃபீஸ் வேறு என்று சொன்னாய். நீ சொல்லும்போது குரல் இறங்கியதை நான் கவனித்தேன். அந்த 6,000-ஐ இன்றைக்கு உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். இது உனக்குத் தருகிற காசு இல்லை. அந்தத் தளத்தில் பாதி என் ஞாபகம். 1904-லிருந்து ஓடிய பாதையை நீ எழுதும்போது என் அப்பா கொல்லத்துக்குப் போன கதையும் அதில் ஏறியிருக்கிறது. அதனால் என் பங்குக்குத் தருகிறேன். மறுக்காதே.

வருகிற வியாழக்கிழமை மழை வெறித்தால் கழுதுருட்டிக்குப் போகிறேன். பாலத்துக்குக் கீழே ரோட்டோரம் நின்று பதிமூன்று கண்ணும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். உனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வேண்டும் என்று புதன்கிழமை ராத்திரிக்குள் சொல்லு. குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா