நூலகக் கணினியை அரைமணி நேரக் கணக்கில் அளக்காதீர்கள்

மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அதற்கு முன் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். நூலகத்திலுள்ள மூன்று கணினிகளில் இரண்டை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டதால் இந்த மடலை எழுதுகிறேன். பயன்பாட்டுப் பதிவேட்டில் கையொப்பங்கள் குறைந்துவிட்டன என்பதும், எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்டது என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். முதலாவது உண்மை, இரண்டாவதும் ஏறக்குறைய உண்மை. ஆனால் இரண்டையும் வைத்துக் கணினியை எடுத்துவிடலாம் என்று முடிவு கட்டுவது சரியல்ல.

பதிவேட்டில் பெயர், வந்த நேரம், போன நேரம், கையொப்பம் என நான்கு கட்டங்கள்தான் இருக்கின்றன. எதற்காக வந்தார், வந்த வேலை முடிந்ததா என்று எழுத அதில் இடமில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் தேர்வு முடிவும் கிரிக்கெட் ஸ்கோரும் பார்க்கப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு அரைமணி நேரம் என்ற விதி அவர்களுக்காக வந்தது. அந்தக் கூட்டம் கைபேசிக்குப் போய்விட்டது, போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள் என்றாலும், ஒவ்வொருவரும் கைபேசியில் முடியாத ஒரு வேலையைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது என்பதால், 2024-இல் மட்டும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவரின் மகள், கடைசித் தேதிக்கு முந்தைய நாள் மாலை வந்தாள். ஏற்ற வேண்டிய படக் கோப்புகளில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் (கிலோபைட்), கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். அவள் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படமோ மூன்று எம்பி, அதாவது ஏறக்குறைய மூவாயிரம் கேபி. நூலகர் அதைக் கணினியிலுள்ள பெயிண்ட் என்ற படச் செயலியில் திறந்து, ஓரங்களை வெட்டி, சுருக்கிச் சேமித்தார். 23 கேபி வந்தது. மறுபடி சுருக்கினார், 8 கேபி ஆகி, கையெழுத்தே மங்கிவிட்டது. மூன்றாவது முறைதான் ஏற்றுக்கொண்டது. இதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அடுத்து ஆதார் சரிபார்ப்புக்கான ஓடிபி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணனின் எண்ணுக்குப் போனது; அவர் ஷிப்டில் இருந்தார். "அக்கா, இன்னும் பத்து நிமிஷம் குடுங்க" என்று அவள் கேட்டபோது, அரைமணி முடிந்து, பின்னால் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் விட்டுக்கொடுத்தார், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பதிவேட்டில் இது ஒரே ஒரு கையொப்பம்.

இதே வேலையை ஜெராக்ஸ் கடையில் செய்துகொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்துகொள்கிறார்கள். காசு ஒருபுறம் இருக்கட்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார் என்பதுதான் பெரிய தொல்லை. ஆறு மாதம் கழித்து நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. அதை மீட்கும் எண்ணோ கடைக்காரரிடம் இருக்கும். அவர் கடையை மாற்றிக்கொண்டு போயிருந்தால் கதை முடிந்தது. இப்படித் தவித்து வந்த நான்கு பேரை நானே பார்த்திருக்கிறேன். நூலகத்தில் உட்கார்பவர் தன் கணக்கைத் தானே திறக்கிறார், தன் எண்ணைத் தானே கொடுக்கிறார், தெரியாத இடத்தில் மட்டும் பக்கத்தில் ஒருவரைக் கேட்கிறார். எனக்குத் தெரிந்தவரை இந்த வித்தியாசத்துக்காகவே நூலகக் கணினி இருக்க வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பிக்க வருகிறவர்கள், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிற மாணவிகள், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க வருகிற பெண்கள் என்று ஆட்கள் மாறினாலும் பாடு ஒன்றுதான். தமிழில் மனு அடிப்பது பற்றிப் பழைய தட்டச்சு ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கணினிகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் இருக்கிறது. அதில் அடித்த மனுவை வேறு இடத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உளறுகிறது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துமுறையும் 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் செலவில்லாமல் கிடைக்கின்றன. நிறுவ ஒரு மணி நேரம் ஆகாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தமிழ் இணைய மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பெரிய திரையில் படிப்பதற்காகவே வாரம் இரண்டு நாள் வருகிறார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சென்ற மாதம் ஒரு கணினியின் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட இ-ஆதார் கோப்புகள். அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு. ஆனால் அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான், இரண்டும் பக்கத்திலிருக்கும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கின்றன. நூலகரிடம் சொல்லி அன்றே எல்லாவற்றையும் அழித்தோம். ஆனால் இது ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. ஒருவர் எழுந்து போனதும் அவர் விட்டுச் சென்றவை தானே அழியும்படி கணினியை அமைத்துத் தர வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள், இரண்டு கணினிகளை எடுக்காதீர்கள் என்பதோடு நிற்கவில்லை. விண்ணப்ப வேலைக்கு வருகிறவருக்கு இரண்டு மணி நேரம் முன்பதிவு செய்ய விதியை மாற்றுங்கள். பதிவேட்டில் "வந்த வேலை", "முடிந்ததா" என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அச்சுப்பொறியும் ஸ்கேனரும் ஒன்றாயிருக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும், ஏனெனில் இப்போது பெண்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை பெரிய தேர்வு ஒன்றின் கடைசித் தேதியோடு மோதினால், அந்த ஒரு நாளாவது மாலையில் திறந்து வைக்க நூலகருக்கு அனுமதியும் மாற்று விடுப்பும் கொடுங்கள். அவரைச் சும்மா வேலை வாங்கச் சொல்லவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. 1948-இல் இந்த மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படிதான் இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக உங்களிடம் வருகிறது. அந்தக் கொத்தனாரும் தன் ஓட்டு வீட்டுக்கு அதைக் கட்டுகிறார்.

அச்சுப்பொறிக்கு நிதி இல்லையென்றால், ஆயிரம் ரூபாய்ப் புரவலர்கள் பதினைந்து பேரைச் சேர்த்துத் தர வாசகர் வட்டம் தயாராக இருக்கிறது. அந்தத் தொகையை எங்கள் கிளைக்கே செலவிட ஆணைக்குழு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். முடிவெடுக்கும் முன் உறுப்பினர்களில் ஒருவராவது மாலை ஐந்து மணிக்குமேல் வந்து, மூன்றாவது கணினிக்குப் பின்னாலுள்ள பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்