அகலப் பலகை எந்த அலைக்குச் சரி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, ஸலாமும் வணக்கமும்.

சீசன் தொடங்கியதில் இருந்து கடைக்கு வருகிற தம்பிமார், தங்கச்சிமார் கனபேர் கேட்பது கடல் அலையில் சறுக்குகிற பலகைகளில் அந்த அகலமான, ஃபிஷ் என்கிற வகையைத்தான். நல்ல பலகை, கேட்பதில் பிழையில்லை. ஆனால் அறுகம்குடாவில் எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் அது ஒன்றே போதும் என்று எடுத்துக்கொண்டு போனால் காசும் வீண், நல்ல காலை நேரமும் வீண். அதனால்தான் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

எங்களிடம் இருக்கிற ஃபிஷ் 5 அடி 8 அங்குல நீளம், 21½ அங்குல அகலம். வழமையான ஒடுங்கின பலகை, அதாவது ஷோர்ட்போர்ட், 19 அங்குல அகலத்துக்குக் கிட்டத்தான் வரும். அகலம் கூடினால் தண்ணீரில் படுகிற பரப்பும் கூடும், அடிப்பக்கமும் தட்டையாக இருப்பதால் மெதுவான அலையிலேயே பலகை எழும்பி வழுக்கத் தொடங்கிவிடும். பொத்துவில் பொயின்ட் என்கிற அலை சறுக்கும் இடத்தில் இடுப்பளவு அலை நீளமாக ஓடுகிற நாளில் இதன் அருமை தெரியும்: நடுவில் அலை சோர்ந்து போகிற இடத்தில் ஒடுங்கின பலகை நின்றுவிடும், ஃபிஷ் அப்படியே கடந்து அடுத்த பகுதியைப் போய்ப் பிடிக்கும். விஸ்கி பொயின்ட்டிலும் அப்படித்தான்.

மெயின் பொயின்ட் வேறு கதை. தெற்கில் இருந்து பெரிய அலை வருகிற நாளில் அது செங்குத்தாக எழும்பும், கீழே ஆழம் குறைந்த பாறை. அங்கே பலகையின் ஓரம் தண்ணீரைக் கடித்துப் பிடிக்க வேண்டும். அகலமான வால் அமிழ மறுக்கும், ஓரத்தை மாற்றுவதற்கு இரண்டு மடங்கு பாடுபட வேண்டும், நீங்கள் பலகையில் பிந்தி எழும்பினால் பலகையின் மூக்கு நேரே தண்ணீருக்குள்ளே போய்விடும். ஃபிஷ்ஷின் அடியில் இருப்பது இரண்டு ஃபின் (மீன் செட்டை மாதிரித் தகடு) மட்டும்தான், நடுவில் ஃபின் இல்லாததால் வாலும் வழுக்கும். ஆஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன் 1980இல் மூன்றாவது ஃபின் ஒன்றைப் பூட்டியதே, இரண்டு ஃபின் பலகை பெரிய அலையில் பிடி கொடுக்கவில்லை என்றுதான். ஆகவே தலைக்கு மேல் அலை வருகிற நாளில் மெயின் பொயின்ட்டுக்கு ஃபிஷ் கேட்டால், நாங்கள் மூன்று ஃபின் பலகையைத்தான் நீட்டுவோம். கோபிக்க வேண்டாம்.

அப்புறம் காற்று. விடியற்காலையில் கச்சான் கரையில் இருந்து கடலுக்கு மெதுவாக வீசும்போது அலையின் முகம் வழவழப்பாக இருக்கும், எந்தப் பலகையும் ஓடும். 10, 11 மணிக்கு மேல் கடல் காற்று எழும்பித் தண்ணீர் சுருக்கம் விழுந்தால், தட்டையான அடிப்பக்கம் ஒவ்வொரு சுருக்கத்திலும் பட்டுப் பட்டுத் தட்டும், அந்த அதிர்ச்சி முழங்கால் வரை ஏறும். இப்படியான நேரத்துக்கு ஃபிஷ்தான் வேண்டுமென்றால் பாரம் குறைந்த எப்பொக்சி பலகையை விட்டுவிட்டு, கொஞ்சம் பாரமான பழைய பியூ (பொலியூரித்தேன்) ஃபோம் பலகையைக் கேளுங்கள். பாரம் இருப்பதால் அது அவ்வளவாகத் துள்ளாது.

இன்னொரு முக்கியமான விஷயம், இது சொந்தப் பலகை வைத்திருப்பவர்களுக்கு. எப்பொக்சி பலகைக்குள்ளே இருப்பது தெர்மோகோல் வகை ஃபோம். ஓட்டை விழுந்தால் பைபர் படகுக்குப் பூசுகிற சாதாரண ரெசினை அதில் ஊற்றவே கூடாது. ஃபோம் கரைந்து உள்ளே குழி விழுந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, காலை வைத்தவுடன் அமுங்கும். எப்பொக்சி ரெசின்தான் பூச வேண்டும், அதுவும் உள்ளே போன உப்புத் தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகு. பலகையை மத்தியான வெயிலில் மணலில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடப் போவதையும் விட்டுவிடுங்கள். சூட்டில் மேல் தோல் கொப்பளம் மாதிரிப் பொங்கிக் கழன்றுவிடும்.

வாடகைக்கு எடுக்க வரும்போது உங்கள் நிறை எவ்வளவு, எந்தப் பொயின்ட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்கப் போகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். கொண்டுபோன பலகை அன்றைய கடலுக்குச் சரிவரவில்லை என்றால் அதே நாளில் மாற்றித் தருகிறோம், அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் எடுப்பதில்லை.